அழைத்தால் திரும்பி வருமா?

மாலை வேளை. படலை சற்றே திறந்து கிடந்தது. எட்டு மாதம் நிரம்பிய எமது ஜிம்மி அவ்வழியே நழுவி, ஒழுங்கையைக் கடந்து பெருந்தெருவுக்குப் பாய்ந்துவிட்டது. "ஜிம்மி! ஜிம்மி!" என்று வீட்டார் அனைவரும் கூவினோம். அதுவோ ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மேலும் ஓடியது. லொறி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. மயிரிழையில் உயிர் தப்பிய நாய் வாலைக் குழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தபோது, பதைப்பும் கோபமும் மேலிட, அதற்கு இரண்டு அடி கொடுத்தோம். நாம் செய்த பெரும் பிழை அதுவே.

ஓடியதற்காக அடித்தோம் என்பது எமது எண்ணம். வந்ததற்காக அடி விழுந்தது என்பதே நாய் கற்ற பாடம். மறுநாள் முதல், அழைத்தால் பத்தடி தூரத்தில் நின்று எமது கைகளையே பார்க்கலாயிற்று.

குட்டிப் பருவத்தில் காலடியை விட்டு அகலாத நாய் பின்னர் ஏன் இவ்வாறு மாறுகின்றது? பிரித்தானிய ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை கூறுகின்றது. ஐந்து மாத வயதிற் பணிந்த நாய்கள், எட்டு மாத வயதில் வளர்ப்பவரின் கட்டளைக்கு முன்னரிலும் குறைவாகவே பணிந்தன. அந்நியரின் கட்டளைக்கோ அவ்விதம் குறையவில்லை. ஆகவே இது பருவத்தின் இயல்பேயன்றி நன்றிகேடு அன்று; காலப்போக்கில் நீங்கிவிடும்.

உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பன்முறை கேட்பித்தால், பின்னர் அவ்வொலி கேட்ட மாத்திரத்தே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்பதை ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் நிறுவினார். அழைப்புச் சொல்லையும் அவ்வாறே இனியதாக்கலாம்.

அச்சத்தோடு கலந்துவிட்ட பழைய அழைப்பை விடுத்து, "இங்கே வா" என்ற புதுச் சொல்லைத் தேர்ந்தோம். முதலில் வீட்டினுள் அழைத்து, வந்தவுடன் முள் நீக்கிய அவித்த மீன்துண்டு கொடுத்தோம். பின்னர் மார்புப்பட்டையிற் பத்து யார் கயிற்றைக் கட்டி, வளவிற் பழக்கினோம். ஒருமுறைதான் அழைக்க வேண்டும்; திரும்பத் திரும்பக் கூவினால் சொல் மதிப்பிழந்துவிடும். வராவிடின் துரத்தலாகாது, துரத்துவதை நாய் விளையாட்டென்றே கொள்ளும். மாறாக, நாம் எதிர்த்திசையில் ஓடினால் அது எம்மைத் தொடர்ந்து வரும். வந்த நாயை உடனே கட்டிவிடாது, பெரும்பாலும் மீண்டும் விளையாட விடல் வேண்டும். இல்லையேல் அழைப்பென்றால் சிறை என்று அது எண்ணிவிடும்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒருநாள் படலை மறுபடியும் திறந்து கிடந்தது. ஜிம்மி ஒழுங்கையின் பாதித் தூரம் சென்றுவிட்டது. தெருவில் பஸ் வரும் ஓசை கேட்டது. நெஞ்சு படபடத்தாலும் குரலை இனிதாக்கி, "இங்கே வா" என்று ஒருமுறை அழைத்தோம். அது நின்றது, தெருவை நோக்கியது, பின் காதுகள் பறக்க எம்மிடம் ஓடி வந்தது.

கையில் மீன்துண்டு இருக்கவில்லை. மண்ணிலமர்ந்து அதனை அணைத்துக்கொண்டோம். தவறு செய்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைக்கு நாம் கூறும் முதற் சொல் எத்தகையதாயிருக்க வேண்டும் என்பதையும் அன்று சிந்தித்தோம்.