கண்ணென மயங்கும் கருவி

வாயிலில் காவற்காரன் ஒருவன் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் வந்ததும் கதவைத் திறக்க வேண்டும் என்பது அவனுக்கு இட்ட கட்டளை. அவனுக்கோ ஆள் முகம் தெரியாது. அருகே ஏதேனும் வந்தால் கதவைத் திறந்துவிடுவான். கறிகாய்க்காரி வந்தாலும் திறப்பான். கன்றுக்குட்டி வந்தாலும் திறப்பான். இத்தகைய காவற்காரன் ஒருவன் இக்காலத்துக் காமிராவில் குடியிருக்கிறான். அவனால் நான் பட்ட பாட்டையும், அவனை வழிக்குக் கொணர்ந்த வகையையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

‘மிர்ரர்லெஸ்’ என்னும் ஆடியில்லாக் காமிராவை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். முந்திய வகைக் காமிராவில், லென்ஸின் வழியே வரும் ஒளியை ஓர் ஆடி மேலே திருப்பிக் காண்துளைக்கு அனுப்பும். புதிய வகையில் அந்த ஆடி இல்லை. காண்துளைக்குள் சின்னஞ்சிறு மின்திரை ஒன்று இருக்கும். காமிராவின் முதுகில் பெரிய திரை ஒன்று இருக்கும். 2008-ஆம் ஆண்டில் பானசோனிக் நிறுவனம் வெளியிட்ட லூமிக்ஸ் ஜி1 இவ்வமைப்பைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. இரு திரைகளும் ஒருசேர எரிந்தால் பாட்டரி வீணாகும். பெரிய திரையின் வெளிச்சம் முகத்தில் விழுந்து கண்ணையும் கூசச் செய்யும். ஆகவே, கண் அருகே வந்தால் சிறிய திரையை ஏற்றவும், விலகினால் பெரிய திரையை ஏற்றவும் காண்துளையை அடுத்து ஓர் உணர்கருவியை வைத்தார்கள். நான் சொன்ன காவற்காரன் அவனேதான்.

சென்ற மார்கழியில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். என் பெரியத்தைக்கு வயது எண்பத்து நான்கு. பதினைந்து புள்ளி, பதினைந்து வரிசைச் சிக்குக் கோலத்தைத் தாளைப் பாராமலே இடுவார். அந்தக் கையின் ஓட்டத்தைப் படம் பிடித்து வைக்க விரும்பினேன். விடியற்காலை, சால்வையைப் போர்த்திக்கொண்டு, காமிராவை வயிற்றளவில் தாழ்த்திப் பிடித்து, பெரிய திரையைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்துக் குனிந்து பார்த்தேன். திரை எரிந்தது, உடனே அணைந்தது. மீண்டும் எரிந்தது, மீண்டும் இருண்டது. பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருக்கையில், “என்னப்பா, கோலம் முடிந்துவிட்டதே! நாளைக்கு வா” என்றார் அத்தை. போகிக்கு இன்னும் ஐந்து நாட்களே இருந்தன.

காமிரா பழுதாகிவிட்டது என்றே முதலில் எண்ணினேன். ஆனால், அக்கருவி வேலை செய்யும் முறையைச் சிந்தித்தபோது என் எண்ணம் மாறியது. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் அங்கு உண்டு எனக் கண்டார். அவையே அகச்சிவப்புக் கதிர்கள். காண்துளையருகே உள்ள சிறு சாளரத்தின் பின்னிருந்து ஒரு நுண்விளக்கு இக்கதிர்களை வீசுகிறது. எதிரே முகம் வந்தால் கதிர்கள் பட்டுத் திரும்புகின்றன. பக்கத்திலுள்ள ஒளியுணர்வி அவற்றை ஏற்கிறது. திரும்பி வரும் கதிர் குறித்த அளவை மிஞ்சினால், ‘கண் வந்துவிட்டது’ என்று கருவி முடிவு செய்கிறது. ஆக, அது அறிவது கண்ணை அன்று, அண்மையை மட்டுமே. கண்ணும் ஒன்றுதான், வயிறும் ஒன்றுதான், என் சால்வையும் ஒன்றுதான்!

இதைத் தெளிந்த பின் சோதனை எளிதாயிற்று. காமிராவை மேசைமேல் தனியே வைத்தேன். வாரைத் தொலைவில் ஒதுக்கி, காண்துளையின் எதிரே ஒன்றும் இல்லாதவாறு செய்தேன். பெரிய திரை நிலையாக எரிந்தது. பின்னர், உள்ளங்கையை மெல்ல அருகே கொண்டுசென்றேன். ஓரளவு நெருங்கியதும் திரை மாறியது. கருவி நலமாகவே இருக்கிறது, குறுக்கே வந்த பொருள்தான் குற்றவாளி என்பது உறுதியாயிற்று. எதிரே ஒன்றுமில்லாதபோதும் திரை அணைந்துகொண்டிருந்தால், சாளரத்தை நோக்க வேண்டும். முகத்தின் எண்ணெய்ப் பசை, தூசு, குளிர்ந்த அறையிலிருந்து வெளியே வந்ததும் படியும் ஈரம் ஆகியவை கதிரை அங்கேயே திருப்பிவிடக்கூடும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும்; நீரையோ மருந்தையோ தெளித்தல் ஆகாது. வேறு கடையில் வாங்கிப் பொருத்திய ரப்பர்க் கண்மூடி சாளரத்தின்மேல் சற்றே கவிந்திருந்தாலும் இதே தொல்லைதான். அதைக் கழற்றிப் பார்ப்பது நன்று.

வெயிலும் ஒரு காரணம் ஆகலாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க நின்று படமெடுப்பது நம் வழக்கம். அப்போது காலை வெயில் காமிராவின் பின்புறத்தில் நேராக விழும். வெயிலில் அகச்சிவப்புக் கதிர் மிகுதி. அதனால் கருவி தடுமாறக்கூடும். அரையடி நகர்ந்தாலும், கையால் நிழல் செய்தாலும் தடுமாற்றம் தீரும். ஆனால், நிழல் செய்யும் கையே சாளரத்தை ஒட்டிவிடலாகாது!

நான் செய்த பிழைகள் இரண்டையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் சால்வைக்கு மாறாகக் கறுப்புச் சால்வை போர்த்தினால் கதிர் திரும்பாது என எண்ணினேன், பயன் இல்லை. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றும் சாயத் துணிகள் பல, அகச்சிவப்புக் கதிருக்கு வெளிறிய துணிகளே. அடுத்து, சாளரத்தின்மேல் காகித ஒட்டுநாடா ஒன்றை ஒட்டினேன்; பெரிய திரை அடியோடு இருண்டுபோயிற்று. காவற்காரனின் முகத்தருகே ஓர் ஆளை நிரந்தரமாக நிறுத்திவிட்டேன் அல்லவா!

முறையான மருந்து காமிராவின் மெனுவில் இருக்கிறது. லூமிக்ஸ் காமிராக்கள் பலவற்றில் இவ்வுணர்வின் கூர்மையை உயர்வு, தாழ்வு என மாற்றலாம். சோனி, ஃபூஜிஃபிலிம், நிக்கான் காமிராக்கள் பலவற்றில், தானே மாறும் முறையை விலக்கி, பெரிய திரை மட்டும் அல்லது காண்துளை மட்டும் என்று கட்டளையிடலாம். திரையை வெளியே சாய்த்தவுடன் உணர்வி தானே ஓய்ந்துவிடும் அமைப்பும் சில காமிராக்களில் உண்டு; என்னுடையதில் இல்லை. கூர்மையைத் தாழ்த்துவதில் ஓர் இடரும் உண்டு. என்னைப்போல் மூக்குக் கண்ணாடி அணிந்தோரின் முகம் காண்துளையிலிருந்து சற்று விலகியே நிற்கும். மிகவும் தாழ்த்தினால், மெய்யான கண் வந்தும் கருவி வாளாவிருக்கும். எனவே, தாழ்த்திப் பிடிக்கும்போது ‘பெரிய திரை மட்டும்’ என்ற கட்டளையையும், மற்ற வேளைகளில் தானே மாறும் முறையையும் கைக்கொண்டேன். அக்கட்டளையை விரலுக்கு எட்டும் பொத்தான் ஒன்றிலும் அமைத்துக்கொண்டேன். இவ்வளவும் செய்து, எதிரே ஒன்றும் இல்லாமலே திரை மாறிக்கொண்டிருந்தால், அப்போதுதான் பழுதுபார்ப்பவரை நாட வேண்டும்.

போகியன்று விடியலில் அத்தை கோலமிட்டார். திரை ஒருமுறையும் இருளவில்லை. கடைசி இழை முதற்புள்ளியைச் சென்று சேரும் கணம் வரை படமாக என்னிடம் இருக்கிறது. அதன்பின் அத்தைக்கு முழங்கால் வலி மிகுந்துவிட்டது. இப்போது திண்ணையில் அமர்ந்து, பேத்திக்குப் புள்ளிக் கணக்குச் சொல்கிறார். அவள் இழையைத் தவறவிடும்போதெல்லாம், “மாமாவிடம் அந்தப் படத்தைக் காட்டச் சொல்” என்கிறார்.