சோழவரத்துச் சூடு

வடக்குச் சாலை – பகுதி 7

செங்குன்றம் தாண்டி ஜி.என்.டி. சாலையில் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவர்கள் சோழவரத்தை ஏரியாகத்தான் அறிவார்கள். அதே ஊரில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் உண்டு. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு அந்தத் தளத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடின. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அது நடத்திய சோழவரம் பந்தயங்களுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். கோவையின் பந்தய வீரர் கரிவரதன் இங்கே ஓட்டியிருக்கிறார். ஃபார்முலா ஒன் போட்டிகளுக்காகச் செய்யப்பட்ட என்சைன் காரைக் கொண்டுவந்து தொழிலதிபர் விஜய் மல்லையா ஓட்டியதும் இங்கேதான்.

விமான ஓடுதளம் நேராகப் போவதற்கென்றே போடப்பட்டது. அதில் பந்தயம் வைத்தால் நேர்ப்பாதையின் முடிவில் கார் வேகத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பியாக வேண்டும். அதனால் என்ஜினை எவ்வளவு தேற்றிக்கொண்டு வந்தாலும் சோழவரத்தில் கடைசியில் பரீட்சை பிரேக்குக்குத்தான்.

அன்றைய அம்பாசடருக்கும் ஃபியட் 1100-க்கும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளே இருக்கும் ஷூவிலிருந்து விலகிப் போகும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தினாலும் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. சூட்டில் டிஸ்க் தடித்தால் இருபுறமும் உள்ள பேட்களை நோக்கித்தான் தடிக்கும். வெளிக்காற்றும் நேராகப் படும். 1953-ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக்குகளுடன் ஓடிய ஜாகுவார் சி-டைப் வென்றபோது உலகம் இதைக் கண்ணால் பார்த்தது.

அந்தத் தொழில்நுட்பம் நம் பக்கம் வந்து வேர்விட்ட இடமும் சோழவரத்திலிருந்து வெகுதூரம் இல்லை. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா பாடியில் இருக்கிறது. ரானே பிரேக் லைனிங் 1964-இலும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-இலும் அதே பாடி, அம்பத்தூர் வட்டாரத்தில் பிறந்தன. 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும்வரை அம்பத்தூர் வட்டமும் சோழவரம் இருக்கும் திருவள்ளூர் மாவட்டம்தான். நாட்டின் எந்த மூலையில் ஒரு வண்டி நின்றாலும் அதில் இந்த வட்டாரத்தின் கைவேலை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இதை நம் பிள்ளைகளுக்கு நாம் போதுமான அளவு சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

1990-இல் பந்தயம் சோழவரத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளத்துக்குப் போனது. 3.717 கிலோமீட்டர், 12 திருப்பங்கள். இன்று வார இறுதிகளில் தங்கள் சொந்தக் காரையே அங்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் பலர் முதலில் கேட்பது, ‘பெரிய டிஸ்க் போடலாமா, சிவப்பு காலிப்பர் கிடைக்குமா’ என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள சிறிய கார். மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வந்து, திருப்பத்துக்கு முன் 60-க்கு இறங்குகிறது. நாலு வினாடிகூட ஆகாது. அதற்குள் ஏறக்குறைய 9 லட்சம் ஜூல் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். அதில் 70 சதவீதத்தை முன் சக்கரங்கள் ஏற்கின்றன என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ எடையுள்ள ஒவ்வொரு முன் டிஸ்க்கும் ஒரே மிதியில் சுமார் 130 டிகிரி சூடேறும். அது ஆறுவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். ஐந்தாறு சுற்றுகளில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதால், ஊருக்குள் எத்தனை வருடம் ஓட்டியிருந்தாலும் அந்த அனுபவம் இங்கே துணைக்கு வராது.

அந்தச் சூடு பேட் வழியாக, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வழியாக, கடைசியில் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. நாம் ஆயில் என்று சொன்னாலும் அது கிளைக்கால் வகைத் திரவம். என்ஜின் ஆயிலைத் தவறிப்போய் அதில் ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். மழைக்காலத்து உப்பு ஜாடியைப் போல பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ‘டாட் 4’ தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்ட நிலைக்கு அந்தத் தரம் கேட்கும் அளவு 155 டிகிரிதான். வங்கக் கடலும் பழவேற்காடு ஏரியும் பக்கத்தில் இருக்கும் இந்தப் பகுதியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் அடித்தளம்வரை போகும், கார் நிற்காது.

ஆகவே என் முறையில் முதல் செலவு ஆயிலுக்கு. கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டிய பந்தய ஆயில்கள் கடையில் கிடைக்கின்றன. பழையதை முழுக்க வெளியேற்றி, காருக்கான கையேடு சொல்லும் சக்கர வரிசையில் ஏர் எடுத்து (குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி), புதியதை ஏற்ற வேண்டும். வயதான காரில் ஏர் எடுக்கும்போது பெடலை அடிவரை மிதிக்கக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் அதுவரை சீல் போய் உரசாத பகுதியில் துரு படிந்திருக்கும், சீல் அங்கே கிழிந்துவிடும். வெளியே எடுத்த ஆயிலை மறுபடி ஊற்றாதீர்கள். திறந்து வைத்து மாதக்கணக்காகிவிட்ட டப்பாவையும் நம்பாதீர்கள்.

அடுத்தது பேட். சாலைக்கான பேட் காலையில் முதல் மிதியிலேயே பிடிக்கும், ஆனால் பந்தயத்தளச் சூட்டில் அதன் பிசின் வாயுவாகி, பிடிப்பு வழுக்கும். பந்தய பேட் இதற்கு நேரெதிர். சூடேறிய பிறகுதான் நன்றாகப் பிடிக்கும், குளிர்ந்திருக்கும்போது நம்ப முடியாது. வீட்டிலிருந்து தளத்துக்கு அதே காரை ஓட்டிப்போகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே உள்ள ரகத்தை வாங்குவது நல்லது. இல்லையென்றால் தளத்திலேயே பேட் மாற்ற வேண்டும்.

புதுப் பேட்டைப் போட்டவுடன் முழு வேகத்தில் போகக் கூடாது. 100-லிருந்து 20-க்கு என எட்டுப் பத்து முறை, கார் முழுதாக நின்றுவிடாமல், படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டி வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு பிரேக் போடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் சீராகப் படிவதற்காகத்தான் இது. சூடான டிஸ்க்கை ஒரே இடத்தில் கவ்விப் பிடித்து நிறுத்தினால் அங்கே மட்டும் படலம் தடித்து, பிறகு ஸ்டியரிங் அதிரும். ‘டிஸ்க் கோணிடுச்சு’ என்று லேத்துக்கு அனுப்பப்படுபவற்றில் பலவற்றின் கதை இதுதான்.

ஒர்க்‌ஷாப் பையன்களுக்காக இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பிரேக் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, நுரையீரலுக்குப் போனால் பல ஆண்டுகள் கழித்து அது ஆளைக் கொல்லும். புதிய பேட்டின் தூசியும் மூச்சில் போகத் தக்கதல்ல. பிரேக் கிளீனர் அடித்து ஈரமாக்கித் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள். அதை வாங்கித் தருவது முதலாளியின் கடமை.

மூன்றாவது காற்று. முன் பம்பரிலிருந்து ஒரு குழாயை டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோனால் போதும், டிஸ்க்கின் உள்துளைகள் அதை உறிஞ்சி வெளியே வீசும். செலவு குறைவு, பலன் அதிகம். எஃகு வலை சுற்றிய ஹோஸ்கள் மிதியைக் கெட்டிப்படுத்தும், நிற்கும் தூரத்தைக் குறைக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் சூடு மிஞ்சினால்தான் பெரிய டிஸ்க். சக்கரத்தை லாக் செய்யும் பலம் கம்பெனி பிரேக்குக்கே உண்டு, அதற்குமேல் காரை நிறுத்துவது டயர். பெரிய டிஸ்க் தருவது சூட்டைத் தாங்கும் கூடுதல் இரும்பு. துளை போட்ட டிஸ்க்கில் துளையோரமாக வெடிப்பு ஓடும், கோடு வெட்டியது அதைவிட மேல். அந்த இரும்பும் எளிய வார்ப்பிரும்புதான். அதிலுள்ள கிராஃபைட் செதில்கள் வெப்பத்தை வேகமாகக் கடத்தும், அதிர்வையும் அடக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கும் உலைகள் பல உண்டு. தேய்ந்து கழித்த டிஸ்க்குகள் காயலான் கடை வழியாக அப்படிப்பட்ட உலைகளுக்குத்தான் போய்ச் சேரும்.

முன்னால் மட்டும் பெரிய பிரேக் போட்டால் முன்பின் சமநிலை மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். சாலையில் ஓடும் காருக்குச் சட்டமும் உண்டு. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்ற காணொளியைப் பார்க்காத தமிழர் குறைவு. பிரேக் செயலிழந்ததாக அவர் தரப்பு சொன்னது. அவர் காயமின்றி இறங்கினார், சில நாட்களில் அணி தன் பிரிவில் மூன்றாமிடமும் பெற்றது. தொழில்முறை அணிக்கே இப்படி நேரலாம் என்றால், வார இறுதி ஓட்டுநர் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பேட் பாதி தேய்ந்ததுமே மாற்றுங்கள், மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் ஆயிலுக்கு அனுப்பிவிடும். பிஸ்டன் உறை கருகியிருக்கிறதா, டிஸ்க்கில் விரல் நகம் மாட்டும் வெடிப்பு உண்டா என்று பாருங்கள். கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி முடியுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பல கார்களில் அது சூடான பின் டிரம்மைக் கவ்விப் பிடிக்கும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நிற்பதற்கான மீதிப் பொறுப்பு டயருடையது. அந்த டயரைத் தேடி அடுத்த வாரம் தேர்வாய்க்கண்டிகைக்குப் போவோம்.

(தொடரும்)