பாடமும் நடத்தி, தணிக்கையும் செய்பவர்

கணக்கியல் பேராசிரியர் தணிக்கைத் தொழிலும் நடத்தலாமா? நடத்தலாம். பிரிட்டனில் அந்தப் பதவியே அப்படித்தான் தொடங்கியது. 1902-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் கணக்கியலுக்கு அமர்த்திய முதல் பேராசிரியர் லாரன்ஸ் டிக்ஸீ, லண்டனில் தொழில் செய்துவந்த பட்டயக் கணக்காளர். பேராசிரியர் பதவி பகுதி நேரம்தான். தொழிலை அவர் விடவில்லை.

1892-இலேயே 'ஆடிட்டிங்' என்ற நூலை எழுதியிருந்தார். தணிக்கைக்கு அதில் மூன்று வேலைகளை வகுத்தார்: மோசடியைப் பிடிப்பது, எழுதுவதில் நேரும் பிழையைப் பிடிப்பது, கொள்கைப் பிழையைப் பிடிப்பது. மூன்றாவதுதான் நுட்பமானது. இயந்திரம் வாங்கிய பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதிவிட்டால் கூட்டல் சரியாகவே வரும், லாபம் மட்டும் தவறாக இருக்கும். பேரேடுகளோடு பழகியவருக்கே இது சட்டென்று கண்ணில் படும்.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றைப் பார்ப்போம். கிங்ஸ்டன் பஞ்சாலையின் மேலாளர் பஞ்சு, நூல் கையிருப்பை ஆண்டுக்கு ஆண்டு கூட்டிக் காட்டினார். தணிக்கையாளர்கள் அவர் தந்த சான்றிதழை நம்பிக் கையெழுத்திட்டார்கள். இல்லாத லாபத்திலிருந்து ஈவுத்தொகை போனது. தணிக்கையாளர் காவல் நாய்தான், மோப்ப நாய் அல்ல என்று சொல்லி 1896-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஆனால் ஆண்டுத் தொடக்கத்துக் கையிருப்போடு வாங்கியதைக் கூட்டி, விற்றதைக் கழித்துப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். என்னைக் கேட்டால், தணிக்கை வகுப்பின் முதல் பாடமாக இந்தக் கணக்கையே வைக்க வேண்டும். எந்த இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்பதை வரையறைகளால் சொல்லித்தர முடியாது.

டிக்ஸீயின் நூலை 1905-இல் அமெரிக்காவுக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்ட ராபர்ட் மான்ட்கோமரியும் இதே இனம்தான். தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1912-இல் சொந்தமாகவே ஒரு நூல் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது.

இந்தியாவில் இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைக்கும் ஆடிட்டர், கல்லூரியில் பாடம் எடுக்க இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்திடம் (ஐசிஏஐ) தனி அனுமதி வாங்க வேண்டும். நேரடியாகப் பாடம் எடுப்பது வாரத்துக்கு 25 மணி நேரத்தைத் தாண்டினால் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. இது நியாயமான வரம்பு என்றே நினைக்கிறேன். வரித் தணிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30. கல்லூரியில் அப்போது பாடங்கள் மும்முரமாக நடக்கும். இரண்டையும் அளவில்லாமல் ஏற்றுக்கொள்பவர் ஏதாவது ஒன்றில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடத்தான் நேரும்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கட்சிக்காரரின் விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வது, 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டப்படி தொழில் ஒழுங்கீனம். நேற்று ஒரு கடையின் பில் கட்டில் பார்த்த தில்லுமுல்லை இன்று வகுப்பில் சொல்ல வேண்டுமானால், யார் என்று ஊகிக்க முடியாதபடி பெயர், ஊர், தொகை எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். சிறிய ஊரில் அதுவும் போதாது. அங்கே நீதிமன்றத்தில் பதிவான பழைய வழக்குகளை எடுத்துக்கொள்வதே நல்லது.