ரிசர்வ் வங்கியும் மஷூராவின் எல்லையும்

கோவையில் 1892-இல் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சராவார். 1935 முதல் தனியார் பங்குதாரர்களின் உடைமையாயிருந்த ரிசர்வ் வங்கியை அரசுடைமையாக்கும் முடிவு அவர் காலத்தில் உறுதிபெற்று, அவர் பதவி விலகிய பின் 1949 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது.

அதற்கென இயற்றப்பட்ட 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 7-ஆம் பிரிவில் சேர்த்த விதியே நமது கவனத்திற்குரியது. வங்கியின் ஆளுநரைக் கலந்தாலோசித்தபின், பொதுநலன் கருதி, வங்கிக்கு மத்திய அரசு கட்டளையிடலாம் என்கிறது அது. கேட்பது கடமை, கேட்டதை ஏற்பது கடமையன்று. மஷூரா ஆட்சியாளரைக் கட்டுப்படுத்துமா என்று நம் அறிஞர்கள் விவாதித்துவரும் அதே வினாதான் இது!

நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி உண்டியல்களின் மீதான முத்திரைத் தீர்வையை உயர்த்தியபோது, அது வட்டிவிகிதத்தை மறைமுகமாக உயர்த்துவதாகும், அவ்வதிகாரம் வங்கிக்குரியது என்று ஆளுநர் பெனகல் ராமராவ் ஆட்சேபித்தார். பிரதமர் நேரு அமைச்சரின் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் விலகினார். 7-ஆம் பிரிவை எடுத்தாள வேண்டிய தேவையே எழவில்லை.

2016-இல் வட்டிவிகிதத்தை நிர்ணயிக்கும் பொறுப்பு அறுவர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. வங்கியின் சார்பில் மூவர். அரசு நியமிப்போர் மூவர். வாக்குகள் சமமானால் ஆளுநருக்கு மற்றுமொரு வாக்கு. வட்டி ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் நம் கையிலுள்ள ரூபாயின் மதிப்பு அக்குழுவின் முடிவைச் சார்ந்துள்ளது. அம்முடிவு வங்கியைக் கட்டுப்படுத்துமெனச் சட்டமே கூறுகிறது. வங்கியின் ஏனைய அலுவல்களில் ஆளுநரின் ஆலோசனைக்கு அத்தகைய வலு இன்றளவும் இல்லை.