வட்டமான பள்ளமெல்லாம் விண்கல் விழுந்த பள்ளமா? பேராக்கில் ஒரு கற்கோடரி எழுப்பும் கேள்வி

சிம்பாங் பூலாய் பக்கம் இருப்பவர்களுக்குப் பள்ளம் புதிதல்ல. சுண்ணாம்புக் குன்றுகளை வெட்டும் குவாரிகள், ஈயம் எடுத்த பிறகு தண்ணீர் தேங்கிய பழைய சுரங்கக் குட்டைகள், மழைநீர் பாறையைக் கரைத்ததால் உள்வாங்கிய நிலம் என்று கிந்தா பள்ளத்தாக்கில் எல்லாமே உண்டு. இவற்றை உண்டாக்கியது மனிதனும் தண்ணீரும்தான்.

ஆனால், விண்கல் மோதியதாக ஆய்வாளர்கள் சொல்லும் ஓர் இடமும் பேராக்கிலேயே இருக்கு. அது உண்மைதானா என்பதைப் பொறுத்து, ஆதிமனிதன் இங்கே எப்போது வாழ்ந்தான் என்ற கேள்விக்கான பதிலே மாறலாம்.

லெங்கோங்கில் கிடைத்தது என்ன?

ஈப்போவிலிருந்து வடக்கே, கோலகங்சாரைத் தாண்டினால் லெங்கோங் பள்ளத்தாக்கு. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான இடம் இது. இங்குள்ள புக்கிட் பூனோவில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் மொக்தார் சைடின் தலைமையிலான குழு கற்கோடரிகளைக் கண்டெடுத்தது. அவை 'சுவைட்' என்ற பாறைக்குள் பதிந்திருந்ததாகக் குழு சொன்னது. விண்கல் மோதும்போது உடைந்து, உருகி, மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் பாறைக் கலவைக்குத்தான் அந்தப் பெயர்.

அந்தப் பாறையின் வயதை ஜப்பானிய ஆய்வுக்கூடம் ஒன்று கணித்தது: 18.3 லட்சம் ஆண்டுகள். முன்பின்னாக 6.1 லட்சம் ஆண்டுகள் வித்தியாசம் இருக்கலாம். 2009-இல் இதை அறிவித்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய கற்கோடரி இதுவாக இருக்கலாம் என்று பேசப்பட்டது.

இதில் விண்கல்லுக்கு என்ன வேலை?

யோசித்துப் பாருங்கள். மோதலில் உருகிய பாறைக்குள் கோடரி சிக்கியது என்றால், மோதலுக்கு முன்பே அதை ஒருவர் செய்திருக்க வேண்டும். ஆனால் அது மோதலில் உண்டான பாறையே இல்லை, பின்னாளில் வேறு விதமாக இறுகிய கலவை என்றால்? பாறையின் வயது கோடரிக்குப் பொருந்தாது.

எப்படித்தான் உறுதி செய்றாங்க?

பள்ளத்தின் வடிவம் சாட்சியாகாது. ஆய்வாளர்கள் பாறையைத்தான் கேட்பார்கள். மோதலின் அதிர்ச்சி அலை பாறையில் கூம்பு வடிவ விரிசல்களை விட்டுச் செல்லும். குவார்ட்ஸ் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் இணையான மெல்லிய கோடுகள் தெரியும். அந்தக் கோடுகள் விழ, வளிமண்டல அழுத்தத்தைப் போல் கிட்டத்தட்ட ஒரு லட்சம் மடங்கு அழுத்தம் வேண்டும். எரிமலையால் அது முடியாது.

மகாராஷ்டிராவின் லோனார் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் எரிமலைப் பாறை என்பதால் எரிமலை வாய் என்றே பலரும் நினைத்தார்கள். 1970-களில் பாறை மாதிரிகளில் அதிர்ச்சித் தடயங்கள் கிடைத்த பிறகுதான் அது விண்கல் பள்ளம் என்று உறுதியானது.

உலகில் இப்படி உறுதியான பள்ளங்கள் சுமார் 200 மட்டுமே. அந்தச் சர்வதேசப் பட்டியலில் புக்கிட் பூனோ இன்னும் இல்லை. அதற்காக அது பொய் என்று அர்த்தமில்லை. எல்லோரும் ஏற்கும் சான்று இன்னும் வேண்டும், அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வழி என்ன?

இத்துறையின் முன்னோடி அமெரிக்கப் புவியியலாளர் யூஜின் ஷூமேக்கர். 1960-இல் அரிசோனா பள்ளத்தில், கடும் அழுத்தத்தில் மட்டுமே உருவாகும் 'கோயசைட்' கனிமத்தைச் சகாக்களுடன் கண்டறிந்தார். நோய் காரணமாக அவரால் விண்வெளி வீரராக முடியவில்லை. ஆனால் அப்போலோ வீரர்களுக்குப் புவியியல் கற்றுக்கொடுத்தார். 1997-இல், ஆஸ்திரேலியாவில் பள்ளங்களைத் தேடிச் சென்றபோது கார் விபத்தில் இறந்தார். அவரது அஸ்தியின் ஒரு பகுதி 1999-இல் நிலவைச் சேர்ந்தது.

நிலவுக்குப் போகாமலேயே நீங்களும் தொடங்கலாம். எஸ்.பி.எம்.மில் இயற்பியல், வேதியியல், கணிதத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்திலோ மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலோ புவியியல் படிக்கலாம். பூமியைத் தோண்டாமலே அதன் அடியைப் படமெடுக்கும் புவி இயற்பியலுக்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

அதற்கு முன், உங்கள் ஊர்ப் பள்ளம் ஒன்றைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்: இதை உண்டாக்கியது எது? அதற்குச் சாட்சி எங்கே?