தேடுபொறி வாணிகமும் தமிழ்க் கலைச்சொற்களும்
நீலகிரித் தேயிலையை முன்னிறுத்திய ஆய்வு

தோற்றுவாய்

ஒரு நாட்டிற் புதிய தொழில் புகுங்கால் அதற்குரிய சொற்களும் உடன்புகுதல் இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரி மலையில் தேயிலைத் தோட்டங்கள் தோன்றியபோது, 'கொழுந்து' என்னும் பழஞ்சொல் புதுப்பொருள் பெற்றது; 'எஸ்டேட்' என்னும் அயற்சொல் மக்கள் நாவில் ஏறியது; 'தேயிலை' என்னும் சொல்லின் அருகே 'டீ' என்பதும் வந்து அமர்ந்தது. இவற்றுள் எதனையும் புலவர் குழு கூடி முடிவு செய்யவில்லை. தொழில் செய்தோரும் பொருள் கொண்டோருமே முடிவு செய்தனர்.

இன்று அதே தேயிலை இணையவழி விற்கப்படுகின்றது. இவ்வாணிகத்திற்கெனத் தனிச்சொற்கள் ஆங்கிலத்தில் தோன்றியுள்ளன; தமிழிலும் ஆக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் இன்றியமையாத சிலவற்றின் பொருளை விளக்குதலும், தமிழாக்கங்களின் பொருத்தத்தை ஆராய்தலும் இக்கட்டுரையின் நோக்கமாம். இவ்வாணிகத்தின் அடிப்படை நெறியே சொல்லாக்கத்திற்கும் நெறியாகும் என்பது இங்கு நிறுவப்படும்.

தேடுபொறியும் சொல்லடைவும்

தேடுபொறி என்பது இணையப் பக்கங்களைத் திரட்டி, வினவுவோர்க்கு ஏற்றவற்றை வரிசைப்படுத்திக் காட்டும் கணினி அமைப்பு. அதன் வினை மூன்று. முதலாவது, 'சிலந்தி' எனப்படும் நிரல் இணைப்புகளின் வழியே பக்கந்தோறும் சென்று படித்தல். இரண்டாவது, படித்த சொற்களை அடைவு செய்தல். மூன்றாவது, வினாவுக்கேற்பப் பக்கங்களைத் தரவரிசைப்படுத்தல்.

இரண்டாம் வினையை 'அட்டவணைப்படுத்தல்' என்று பலர் எழுதுகின்றனர். தமிழாய்வாளர்க்கு இதனினும் நெருங்கிய சொல் ஒன்று உண்டு. ஒரு நூலிலுள்ள சொல் ஒவ்வொன்றும் எந்தெந்த அடிகளில் வருகின்றது எனத் தொகுத்துரைப்பதைச் 'சொல்லடைவு' என்கின்றோம். தேடுபொறி செய்வதும் அதுவே. நூலுக்கு மாறாக இணையத்தையே எடுத்துக்கொண்டமை ஒன்றே வேறுபாடு. ஆகலின் 'அடைவு', 'அடைவாக்கம்' என்னும் சொற்கள் பொருள் விளக்கமும் மரபும் ஒருங்கே உடையன.

தமிழ்ப் பக்கங்கள் இவ்வடைவில் இடம்பெறுதற்குப் பொதுக்குறியீடு ஒன்று வேண்டியிருந்தது. எழுத்துரு ஒவ்வொன்றும் தனிக்குறியீடு கொண்டிருந்த காலத்தில், ஒரே சொல் கணினிக்குப் பல சொற்களாகத் தோன்றியது. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010ஆம் ஆண்டிலேயாகும்.

தேடுசொல்

ஆங்கிலத்தில் 'கீவேர்ட்' என வழங்குவதற்குத் 'திறவுச்சொல்', 'குறிச்சொல்', 'முதன்மைச்சொல்' எனப் பல ஆக்கங்கள் உள்ளன. ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் ஆசிரியர் தாமே தரும் சொற்களுக்குத் 'திறவுச்சொல்' பொருந்தும். வாணிகத்திலோ அச்சொல்லைத் தருபவன் எழுதுபவன் அல்லன், தேடுபவன். அவன் எச்சொல்லைத் தட்டெழுதுகின்றானோ அதுவே இங்குக் கருதப்படுவது. எனவே 'தேடுசொல்' என்பதே ஏற்றது. 'திறவுச்சொல்' ஆங்கிலத்தின் உருவத்தைப் பெயர்த்தது. 'தேடுசொல்' செயலைக் கண்டு பெயரிட்டது.

தேடுசொற்கள் அளவால் இருவகைப்படும். 'தேயிலை' என ஒரு சொல்லாய் நிற்பது ஒன்று. 'கோத்தகிரி பச்சைத் தேயிலை கால் கிலோ விலை' எனத் தொடராய் வருவது மற்றொன்று. முன்னதைத் தேடுவோர் மிகப் பலர்; ஆயின் அவருள் தாவர நூல் பயில்பவரும் இருக்கலாம், வரலாறு அறிய விழைபவரும் இருக்கலாம். பின்னதைத் தேடுவோர் மிகச் சிலர். அவர் பெரும்பாலும் வாங்கக் கருதியவர். இத்தகைய தொடர்களை ஆங்கிலத்தில் 'நீண்ட வால்' என உருவகித்தனர். அவ்வுருவகத்தைத் தமிழில் அப்படியே பெயர்த்தால் பொருள் விளங்காது. 'விரிந்த தேடுதொடர்' என்பது தெளிவுடையது. தேடுபவன் உட்கருத்தைத் 'தேடல் நோக்கம்' என வழங்குதல் ஏற்கெனவே நிலைபெற்றுள்ளது.

நீலகிரி என்னும் சொல்

தொல்காப்பிய எச்சவியல் திரிசொல்லை இரண்டாகப் பகுக்கின்றது: ஒரு பொருளையே குறிக்கும் வேறு வேறு சொற்கள் ஒருவகை, வேறு வேறு பொருள்களைக் குறிக்கும் ஒரே சொல் மற்றொரு வகை. திவாகரம் பதினோராம் தொகுதியை ஒருசொற் பல்பொருளுக்கென்றே ஒதுக்கியது. செய்யுட்சொல்லை நோக்கிக் கண்ட இப்பாகுபாடு இன்றைய தேடல் வாணிகத்தின் இரு பெருஞ்சிக்கல்களையும் விளக்கவல்லது.

மலைநகரின் பெயரைக் காண்க. 'உதகமண்டலம்' ஆட்சித்துறை வழக்கு. 'உதகை' அதன் மரூஉ. 'ஊட்டி' மக்கள் வழக்கு. 'ஒத்தக்கல்மந்து' தோடர் குடியிருப்பைக் குறிக்கும் 'மந்து' என்னும் சொல்லை இன்றும் தாங்கி நிற்பது. 'ஊட்டகமண்டு' ஆங்கிலேயர் வழக்கு. ஐந்தும் ஓர் ஊரே. உதகமண்டலம் என்று மட்டும் எழுதிய விடுதிக்காரரை ஊட்டி என்று தேடும் பயணி எளிதிற் காண இயலாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபாடும் இதனுட் சேரும். 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றமை, ஊர்ப்பெயரில் கைவைத்தல் எளிதன்று என்பதைக் காட்டும்.

இனி, 'நீலகிரி' என்னும் சொல் இதற்கு மறுதலை. அது மலை, மாவட்டம், கடற்படைக் கப்பல், தமிழில் 'தைலம்' என்பதனோடு சேர்ந்து மருந்தெண்ணெய், கன்னடத்திலும் இந்தியிலும் தைலமரத்திற்கே பெயர், 1905இல் தோன்றிய பாற்பண்ணை வழிவந்த கடைத்தொடருக்கும் பெயர். தேயிலை விற்கக் கருதி 'நீலகிரி' என்னும் ஒரு சொல்லையே நம்பியவர் தைலம் தேடுவோரையே மிகுதியும் எதிர்கொள்வர்.

மேலும் ஒன்று. நீலகிரி மரபுமுறைத் தேயிலைக்குரிய முத்திரை 2008-2009ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு இணையமாக 1965இல் அமைந்த இண்ட்கோசர்வ் விற்பதோ 'ஊட்டி டீ' என்னும் பெயரில். ஒன்று சட்டம் காக்கும் பெயர். மற்றது மக்கள் வாய்ப்பெயர். இரண்டையும் ஒரு பக்கத்தில் இணைத்து எழுதுதல் நடையழகின்பாற் பட்டதன்று. விவசாயியின் வருவாயின்பாற் பட்டது.

உகப்பாக்கம்

பக்கத்தைத் தேடுவோர்க்கும் தேடுபொறிக்கும் ஏற்ப அமைத்து வரிசையில் உயர்த்தும் தொழிலைத் 'தேடுபொறி உகப்பாக்கம்' என்கின்றனர். 'உகப்பு' என்பதற்கு விருப்பம், மகிழ்ச்சி என்னும் பொருள்களே இன்று நினைவிற்கு வருதலின், இவ்வாக்கம் பொருந்தாது என்பாரும் உளர். தொல்காப்பிய உரியியல் உகப்பு என்பதற்கு உயர்தல் என்னும் பொருளை ஓதியுள்ளது. பக்கத்தை உயர்த்துதலும் படிப்போர் விருப்பத்திற்கு இசைவித்தலும் ஆகிய இரண்டனையும் இச்சொல் தன்னுள் அடக்கி நிற்றலின், இதனை விலக்க வேண்டுவதில்லை. இதனினும் வலிய காரணம், இச்சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளது என்பது.

இணைப்பும் சான்றும்

லாரி பேச்சு, செர்கே பிரின் என்னும் இருவர் 1998ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர் கண்ட நெறி, ஒரு பக்கத்தின் மதிப்பை அதனைச் சுட்டும் பிற பக்கங்களைக் கொண்டு அளத்தல். ஆய்வுலகம் இதனை நன்கறியும். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் மேற்கோள் காட்டிய நூலுக்குத் தனிமதிப்பு உண்டு. பெயரறியாதார் பலர் சுட்டுதலினும் பெரும்புலவர் ஒருவர் சுட்டுதல் வலிது. தேடுபொறியும் சுட்டுவோன் தகுதியைக் கணக்கிடுகின்றது.

இவ்வாறு பிற பக்கத்திலிருந்து வரும் இணைப்பைப் 'பின்னிணைப்பு' என எழுதுதல் காணப்படுகின்றது. நூலிறுதியிற் சேர்ப்பதற்கு அப்பெயர் முன்னரே உரியதாயிற்று. மயக்கம் நீங்கச் 'சான்றிணைப்பு' எனலாம். அது அவ்விணைப்பின் பயனையும் உணர்த்தும்.

சொல் ஏலம்

குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடைபெற்று வருகின்றது. 2003ஆம் ஆண்டில் அங்கு 'டீசர்வ்' என்னும் மின்னணு ஏல மையமும் தொடங்கப்பெற்றது. அங்கு ஏலம் போவது பொருள். தேடுபொறியிலோ ஏலம் போவது சொல். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் இம்முறையைத் தொடங்கியது. கூகுள் 2002ஆம் ஆண்டில் இதனைத் தழுவியது. ஒருவர் 'நீலகிரி டீ' எனத் தேடும் கணத்தில் அச்சொல்லுக்கு விலை கூறியோரிடையே ஏலம் நிகழ்ந்து முடிகின்றது. கூறிய விலையோடு விளம்பரத்தின் தரமும் எண்ணப்படும். பெரும்பாலும் சொடுக்கியபின்னரே கட்டணம் உண்டு. அதனைச் 'சொடுக்குக் கட்டணம்' என்பர்.

இங்கு மூன்று அளவைகள் வழங்குகின்றன. விளம்பரம் கண்ணிற்படும் எண்ணிக்கை 'காட்சி'. சொடுக்கியோர் விகிதம் 'சொடுக்கு வீதம்'. சொடுக்கியோருள் வாங்கியோர் விகிதம் ஆங்கிலத்தில் 'கன்வெர்ஷன்'. 1,000 காட்சிகளுள் 30 சொடுக்குகள் எனக் கொண்டால் சொடுக்கு வீதம் 3 விழுக்காடு. அம்முப்பதின்மருள் மூவர் வாங்கினால் பிந்தைய விகிதம் 10 விழுக்காடு. இதனை 'மாற்று வீதம்' என்றல் நேர்ப்பெயர்ப்பு. எது எதுவாக மாறியது என்னும் வினா அதனுள் விடைபெறாது. 'பயன்வீதம்' எனின் வணிகர்க்கு உடனே விளங்கும்.

கட்டணமின்றி வரும் முடிவுகளை 'இயற்கை முடிவுகள்' என்போர் நீலகிரியை நினைத்தல் வேண்டும். வேதியுரமிடாது விளைத்ததை 'இயற்கைத் தேயிலை' என அங்கு விற்கின்றனர். 'இயற்கைத் தேயிலைக்கான இயற்கை முடிவு' என்னும் தொடர் நகைப்புக்கே இடனாகும். 'இயல்பு முடிவு' என்பது அம்மயக்கத்தை நீக்கும்.

நெறியும் நெறிதவறலும்

ஒரே சொல்லைப் பக்கம் முழுதும் திணித்து வரிசையில் ஏற முயல்வது 'சொற்குவிப்பு'. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் ஒருங்கே வந்தது இது. இத்தகையோரைக் 'கருந்தொப்பியர்' என்பது அமெரிக்கத் திரைப்படங்களில் தீயோர் அணிந்த தொப்பியால் வந்த வழக்கு. தமிழுக்கு அப்பின்புலம் இல்லை. 'நெறிதவறிய உகப்பாக்கம்' என்பதே போதும். கூகுள் 2011ஆம் ஆண்டில் பயனற்ற பக்கங்களையும், 2012ஆம் ஆண்டில் சொற்குவிப்பு, போலிச் சான்றிணைப்பு முதலிய சூழ்ச்சிகளையும் தாழ்த்துமாறு தன் நெறிகளைத் திருத்தியது.

தமிழாய்வாளர் கடன்

தமிழில் எழுதும் வணிகருக்கு ஒரு தனித்தடை உண்டு. 'நீலகிரி தேயிலை' என மிகாது எழுதினால் ஒரு வடிவம். இலக்கணப்படி வலிமிகுத்து 'நீலகிரித் தேயிலை' என எழுதினால் முதற்சொல் கணினிக்கு வேறு வடிவம். 'தேயிலையை', 'தேயிலைக்கு', 'தேயிலைத்தூள்' என உருபும் தொகையும் ஏற்குந்தோறும் வடிவம் வேறாகும். இவற்றை ஒரு சொல்லின் திரிபுகளென உணர்த்தச் சொற்பகுப்பு நிரல் வேண்டும். அதற்குப் புணர்ச்சி விதிகளைப் பிழையற வகுத்துத் தருவோர் வேண்டும். இஃது இலக்கணம் கற்றார் செய்தற்குரிய பணி. அது நிறைவுறாத அளவிற்குப் பிழையின்றித் தமிழ் எழுதும் வணிகரே காணப்படாது போகும் இடர் உளது; ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இவ்விடர் இல்லை. பயன் கருதும் வணிகர் தமிழைக் கைவிடின் அவரை மட்டும் குறைகூறல் அமையாது.

முடிவுரை

தேடல் வாணிகம் கற்பிப்பது ஒன்று: விற்பவன் விரும்பும் சொல்லன்று, தேடுபவன் வழங்கும் சொல்லே இருவரையும் சேர்ப்பது. 'தேநீர்' என்றே எழுதி 'டீத்தூள்' தேடுவோரை இழக்கும் கடைக்காரர் நிலையும், யாரும் தேடாத கலைச்சொல்லை ஆக்கி அகராதியில் வைக்கும் புலவர் நிலையும் வேறல்ல. ஆதலின் வழக்கில் நிலைத்த 'உகப்பாக்கம்' போல்வனவற்றைக் காத்தல், 'பின்னிணைப்பு', 'இயற்கை முடிவு' போல மயக்கம் தருவனவற்றை மட்டும் மாற்றுதல், புதியது ஆக்குங்கால் ஆங்கில உருவத்தை விடுத்துச் செயலை நோக்கிப் பெயரிடுதல் என்னும் மூன்றும் கொள்ளத்தக்கன. இங்குக் கூறிய 'தேடுசொல்', 'சான்றிணைப்பு', 'பயன்வீதம்' ஆகியனவும் அவ்வழக்கின் தீர்ப்புக்கு உட்பட்டனவே. குன்னூரில் இருந்து பொருள் விற்போரும் மதுரையில் இருந்து வாங்குவோரும் அவற்றை ஆள்வராயின் அவை நிற்கும்; ஆளாராயின் அவர் ஆளும் சொல்லைக் கண்டு கொள்வதே ஆய்வாளர்க்கு முறைமையாகும்.