எஞ்சினியர் வேலையை விட்டுட்டு ‘குவாண்ட்’ ஆகலாமா?

“எஞ்சினியரிங் படிச்சிடு, அப்புறம் கவலையே இல்ல.” இதைக் கேட்டு வளர்ந்தவங்க நம்மில் நிறையப் பேர். இப்போ நாற்பதை நெருங்குற வயசு, வீட்டுக் கடன், ஸ்கூல் போற பிள்ளைகள். இந்த நேரத்தில் குவாண்ட் ஃபைனான்ஸுக்கு மாறலாமான்னு சிலர் யோசிக்கிறாங்க. கணக்கையும் கம்ப்யூட்டரையும் வைத்து பாண்ட், ஆப்ஷன் போன்றவற்றுக்கு விலை கணிப்பதும், எவ்வளவு நஷ்டம் வரலாம் என்று அளப்பதும்தான் இந்த வேலை.

பாதை புதுசு இல்லை. இயற்பியல் படித்து பெல் ஆய்வகத்தில் இருந்த இமானுவேல் டெர்மன், 1985-ல் கோல்ட்மேன் சாக்ஸில் சேர்ந்தபோது அவருக்கும் ஏறக்குறைய நாற்பது வயசு. 1973-ல் வெளிவந்த பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டை மாற்றி எழுதினால், நாம காலேஜில் படித்த வெப்பப் பரவல் சமன்பாடுதான் வரும்.

எது கூட வராது?

பாலத்துக்கு நாம போட்ட கணக்கைப் பார்த்து இரும்பு தன் குணத்தை மாத்திக்காது. சந்தை மாத்திக்கும். ஒரு வழியில் லாபம் வருதுன்னு தெரிஞ்சா எல்லாரும் அங்கே ஓடுவாங்க, லாபம் கரைஞ்சிடும். 1997-ல் பொருளாதார நோபல் பெற்ற மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்காளிகளாக இருந்த எல்.டி.சி.எம். நிதியம், அடுத்த வருஷமே கவிழ்ந்தது. அதைத் தாங்கிப்பிடிக்க 14 நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட வேண்டியிருந்தது.

எந்தக் கதவு?

பெரிய ஹெட்ஜ் ஃபண்டில் ஆராய்ச்சி வேலைக்கு, பி.எச்.டி. முடித்த இளைஞர்களோடு போட்டி போடணும். சி++, பைத்தான் நல்லா எழுதுறவங்களுக்கு ‘குவாண்ட் டெவலப்பர்’ வேலை பக்கத்துக் கதவு. மற்றவர் செய்த மாடலில் ஓட்டை இருக்கான்னு சோதிக்கிற வேலை வங்கிகளில் இருக்கு. டிசைன் ரிவ்யூ செய்து பழகிய எஞ்சினியருக்கு அது பொருந்தும்.

பணக் கணக்கு

வருமானத்தில் பெரும்பங்கு போனஸாக இருக்கலாம். அது வருஷத்துக்கு வருஷம் மாறும். வீட்டுக் கடன் தவணை அடிப்படைச் சம்பளத்துக்குள் அடங்குதான்னு முதலில் பாருங்க. வேலையை விட்டபின் சில மாதம் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். கையெழுத்துக்கு முன்னாடி படிச்சிடுங்க.

ராஜினாமாவுக்கு முன்

ஆறு மாசம், பிள்ளைகள் தூங்கினபின் தினம் ஒரு மணி நேரம் நிகழ்தகவு படிங்க. இதில் ஆரம்பிக்கலாம்: காசைச் சுண்டிக்கொண்டே இருந்தால், அடுத்தடுத்து இரண்டு தலை விழ சராசரியாக 6 முறை சுண்டணும். ஆனா தலை, உடனே பூ விழ 4 முறை போதும். ஏன்?

அந்த ‘ஏன்’ உங்களைத் தூங்க விடலைன்னா, மேலே படிங்க. சம்பளத் தொகை மட்டும்தான் தூங்க விடலைன்னா, இருக்கிற வேலையிலேயே அடுத்த பதவியைக் கேட்டுப் பாருங்க.